வாசலில் நிற்கும் சர்க்கரை

இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. குக்கர்காரர் பாட்டிலக்காவுக்குத் தரவேண்டிய கடன் அவ்வளவுதான். வட்டி கிடையாது, எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. அந்தப் பணத்தில் அவர் வாங்கியது ஒரு மூக்குக் கண்ணாடி.

இரண்டு பேருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியும். ஆராய்ச்சிக் கூடத்தின் கீழ்த்தளத்தில் கழுவும் அறை. அங்கே குடுவைகளும் குழாய்களும் கழுவுகிறவள் பாட்டிலக்கா. அவள் கழுவிக் கவிழ்த்ததை எடுத்து, தாளில் சுற்றி, நீராவியில் வேகவைத்து, கிருமி என்று பேர் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் ஆக்கித் தருகிறவர் குக்கர்காரர். அந்த இயந்திரத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயரைப் படித்தவர்கள் வைத்திருந்தார்கள். ஆள் உயர இரும்பு, நெஞ்சில் கப்பலுக்கு இருப்பது போல ஒரு சக்கரம், தலையில் அழுத்தம் காட்டும் முள், வேலை முடிந்தால் நீளமாக ஒரு விசில். விசில் அடித்து வேகவைப்பதைக் குக்கர் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இத்தனை ஏற்பாடும் ஒரு பூசணத்துக்காக. மாடியில் அதைக் குடுவை குடுவையாக வளர்த்தார்கள். வீட்டில் ரொட்டியில் பூசணம் பூத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கி எறிகிறோம். இங்கே பூக்கவில்லை என்றால் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா சாப்பிடாமல் அலைவார்.

"நியாயத்தைப் பாத்தியா?" என்பார் குக்கர்காரர். "அந்த ஒரு பூசணம் சொகுசா தனிக்குடித்தனம் இருக்கணும்னு, ஊர்ல இருக்கற மத்த பூசணத்தை எல்லாம் நான் அவிச்சுக் கொல்லணும். நமக்கு யாராவது இப்படி இடம் பண்ணிக் குடுத்தாங்களா?"

"உங்களுக்கு இடம் பண்ணிக் குடுத்தா மட்டும்? அங்கயும் போய்த் தூங்குவீங்க."

வேகவைக்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு டேப் ஒட்ட வேண்டும். அதில் வெளுத்த கோடுகள் இருக்கும். நீராவி சரியாகப் பட்டால் கோடு கறுத்துவிடும். கோடு கறுக்காதது வேகாதது, அதை யாரும் தொடக்கூடாது. எல்லோரும் அந்த டேப்பைக் கத்திரிக்கோலால் வெட்டுவார்கள். குக்கர்காரர் மட்டும் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு திருப்புத் திருப்பிக் கிழிப்பார். கிழிந்த ஓரத்தில் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் பாட்டில்களில் அந்த நாக்கைச் சுரண்டி எடுப்பதுதான் பாட்டிலக்காவின் நகத்துக்குத் தினமும் வேலை.

"கத்திரிக்கோல் வாங்கித் தரட்டுமா?"

"கட்டைவிரல் இருக்கறப்போ அது எதுக்குத் தண்டச் செலவு?"

ஒரு நாள் பூசணத்துக்குப் போடும் சத்துக் கஞ்சி கருகிப்போய் வெளியே வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அவர் முள்ளைப் பார்க்காமலே சக்கரத்தைத் திருப்புவதைப் பாட்டிலக்கா அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"முள்ளு எங்க நிக்குது, சொல்லுங்க பாப்போம்."

"வழக்கமான இடத்துலதான்."

"வழக்கமான இடம் எது?"

"நீ என்ன போலீஸா?"

அவருக்கு முள் தெரியவில்லை. சர்க்கரை வியாதி கண்ணில் கை வைத்திருந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தார். முதுகு வலிக்கு நல்லதாக ஒரு மெத்தை வாங்க அவள் சேர்த்து வைத்திருந்த பணம் அப்படித்தான் கண்ணாடிக் கடைக்குப் போனது.

கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவர் முள்ளைப் பார்க்கவில்லை. முதலில் அவளைத்தான் பார்த்தார்.

"அடடே."

"என்ன அடடே?"

"இத்தனை நாளா உன்னைச் சின்னப் பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே."

"அப்ப அதைக் கழட்டி வைங்க. பணத்தையும் திருப்பிக் குடுங்க."

அவர் நிஜமாகவே கழற்றினார். கழற்றிவிட்டு மறுபடியும் அவளைப் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குக்கர் பக்கம் போனார். பாட்டிலக்கா கழுவிய குடுவையையே மறுபடியும் கழுவினாள். அவள் புருஷன் இறந்து வெகுகாலம். மகன் தூரத்தில், வாரம் ஒரு முறை போனில். குக்கர்காரரின் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தடுக்க ஆள் இல்லைதான். ஆனாலும் இந்த வயசில் போய் என்ன பேச்சு என்று யார் கேட்பதற்கும் முன்னால் தங்களையே கேட்டுக்கொள்கிற ரகம் இரண்டு பேரும்.

மொத்தமாகத் தருகிறேன் என்றவரை அவள்தான் தடுத்தாள். மாதம் ஐம்பது போதும் என்றாள். சம்பள நாளில் ஐம்பது கை மாறும். "உங்க கண்ணுக்கு என் முதுகு பதில் சொல்லிக்கிட்டிருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்பாள். அவர் தலையைச் சொறிவார். அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும். அப்போதுதான் புது இயந்திரம் வந்தது. சக்கரம் இல்லை, முள் இல்லை, விசில் இல்லை. ஒரு பொத்தானைத் தொட்டால் அதுவே வேகவைத்து, அதுவே ஆறவைத்து, அதுவே கதவைத் திறந்தது. அதற்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. குக்கர்காரருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

"வேலை இல்லாதவனுக்குக் கடிகாரம்" என்று சிரித்தார் அவர். "இனிமே எந்த நேரத்துல சும்மா இருக்கேன்னு துல்லியமா தெரியும்."

"மிச்சக் கடன்?" என்றாள் அவள். வேறு எதையோ கேட்க வாயெடுத்தாள், வந்தது இது.

"அது எங்க போகும்? நானே கொண்டாந்து குடுப்பேன்."

நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு சரக்குக் கிடங்கில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். பஸ்ஸுக்கே பாதி ஐம்பது போய்விடும். அப்படியும் சம்பள நாளுக்கு மறுநாள் மதியம் வந்துவிடுவார். கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்காருவார். புது இயந்திரத்தைப் பார்த்து "என்னடா ஊமை, சௌக்கியமா?" என்பார். பாட்டிலக்கா டீ தருவாள். டீ தீர்ந்தால் எழுந்துவிடுவார் என்பது வழக்கமாகிப்போனதால் டீ தரும் குவளை மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டே போனது.

"இது குவளையா, வாளியா?"

"குடிக்கறதுன்னா குடிங்க."

ஒரு மாதம் அவர் கொடுத்த நோட்டில் மூலை இல்லை. "இது செல்லாது" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள், கடைக்காரன் வாங்கமாட்டான். "அடுத்த மாசம் நல்லதா ஒன்னு கொண்டாங்க, போதும்." அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது, கடன் ஒரு மாதம் நீண்டுவிட்டது. அந்தப் பழைய மெத்தையிலேயே அன்று நன்றாகத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு நோட்டில் குறை கண்டுபிடிக்கும் வியாதி வந்துவிட்டது. ஒன்றில் மை. ஒன்றில் மடிப்பு. ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறது என்றாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் பையில் வைத்துக்கொள்வார். அவர் கைக்கு என்று எங்கிருந்துதான் வந்து சேருமோ, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூலை கிழிந்த நோட்டு ஒன்று தவறாமல் வரும். அப்போது அவள் பொய் சொல்லவும் வேண்டியதில்லை.

பிறகு அவர் வரவில்லை.

முதல் மாதம் மழை என்று வைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் லீவு கிடைத்திருக்காது என்றாள். மூன்றாவது சம்பள நாளும் போனபோது தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் போன் நம்பர் அவளிடம் இருந்தது. கூப்பிடத்தான் முடியவில்லை. கூப்பிட்டால் என்ன நினைப்பார்? அறுநூறு பாக்கிக்கு நச்சரிக்கிறாள் என்றுதானே? அவரை இங்கே வரவழைத்துக்கொண்டிருந்த கடனே இப்போது நாக்கைப் பிடித்துக்கொண்டது. எண்களை அழுத்துவாள், மணி அடிப்பதற்குள் நிறுத்திவிடுவாள். பெரிய குவளையைக் கழுவித் துடைத்துக் கவிழ்ப்பாள். மறுநாள் அதையே எடுத்துக் கழுவுவாள்.

அந்த நாட்களில்தான் அவள் செய்யக்கூடாத தப்பைச் செய்தாள்.

மாடியில் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். தலைமுடியை வைத்து எல்லோரும் அவளைச் சுருட்டை என்பார்கள். பூசணம் முற்றியதும், அது ஊறிக்கிடந்த மஞ்சள் தண்ணீரை வடித்து அதிலிருந்துதான் மருந்து எடுப்பார்கள். பெரிய தொட்டி கீழே இருப்பதால் வடிக்கிற வேலை கழுவும் அறையில். அன்று சுருட்டை பத்துக் குடுவைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதற்குள் மாடியிலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அக்கா, இதை எல்லாம் ஊத்திடுங்க. ஓடி வந்துடறேன்."

பக்கத்தில் வெள்ளைக் கேன் இருந்தது. கீழே பிளீச்சிங் தண்ணீர் நிரம்பிய வாளியும் இருந்தது. வேலை முடிந்த பூசணத்தை அந்த வாளியில் கொட்டிக் கொல்வது பாட்டிலக்காவின் அன்றாட வேலை. எதில் என்று கேட்டிருப்பாள். அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஒரு காலடி இறங்கி வந்தது. அவள் காது அங்கே போய்விட்டது. கை தன்பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. காலடி வாசலுக்கு வந்தது. தண்ணீர் கேன் போடுகிற ஆள்.

சுருட்டை திரும்பி வந்து வெள்ளைக் கேனைத் தூக்கிப் பார்த்தாள். கேன் காற்றாக இருந்தது.

"எங்கக்கா?"

"என்ன எங்க? ஊத்திட்டேன்."

"எதுல?"

"எதுல ஊத்துவாங்க? வாளியிலதான்."

சுருட்டை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஊத்திடுங்கன்னா கேன்ல ஊத்திடுங்கன்னு அர்த்தம் அக்கா."

"நீ ஊத்திடுங்கன்னு மட்டுந்தானே சொன்ன பாப்பா."

"மூணு வாரம் வளத்தேன்." முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "மொத்தமா ஊத்திக்கிச்சு." அந்த வார்த்தை வந்து விழுந்த விதத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். பாட்டிலக்காவுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. ஈரக் கையோடு நின்றாள்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். டாக்டரம்மா இறங்கி வந்து வாளியை எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "இனிமே இந்தக் கட்டடத்துல ஊத்துங்கற வார்த்தையே வேண்டாம். வச்சுக்கணும்னா சேருங்க. வேண்டாம்னா கொட்டுங்க. ரெண்டே வார்த்தை. புரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அன்றிலிருந்து அதுதான் சட்டம். தேநீர் நேரத்தில் ஆளாளுக்கு "அக்கா, எனக்கு ஒரு டீ சேருங்க" என்று வந்து நின்றார்கள். வலித்ததுதான். ஆனாலும் டீ சேர்த்தாள்.

இப்படி ஒரு பெண்ணைத் தரையில் உட்காரவைத்த அந்த மஞ்சள் தண்ணீரில் என்னதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடுத்த தடவை சுருட்டை குடுவை வாங்க வந்தபோது கேட்டாள்.

சுருட்டை கூடை மேல் உட்கார்ந்தாள். அது குக்கர்காரரின் கூடை. பாட்டிலக்காவுக்கு எழுந்திரு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

"நம்ம உடம்பு குட்டிக் குட்டி ரூமா இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல வேலையாளுங்க. நொதின்னு பேரு. ஆளுக்கு ஒரு வேலை. அதுல ஒருத்தனுக்குச் சீட்டு ஒட்டற வேலை. அவன் சீட்டு ஒட்டினாத்தான் ரூம் கதவு திறக்கும், ரத்தத்துல ஓடற சர்க்கரை உள்ள போகும்."

"குக்கர்காரர் டேப் ஒட்டற மாதிரியா?"

"அதே. டேப் இல்லாத பாட்டிலை நாங்க உள்ள விடுவோமா? அந்த மாதிரி."

"சரி, பூசணம் எங்க வருது?"

"இந்தப் பூசணத்துத் தண்ணியிலேர்ந்து எடுக்கற பொடி போய் அந்தச் சீட்டு ஒட்டறவன் கையைப் புடிச்சுக்கும். புடிச்சா விடாது."

"கழுவினா?"

"கழுவினாலும் விடாது."

"என்ன சோப்புப் போட்டாலும்?"

"அக்கா, அது புடிக்கறதில்ல, ஒட்டிக்கறது. அதுக்கப்புறம் அந்த ஆளு போய் வேற ஆளு பொறந்து வந்தாத்தான் உண்டு. ஆனா ஒரு கஷ்டம். தண்ணியில கலந்தா பொடிக்கு ஆயுசு ரொம்பக் கம்மி, நிமிஷக் கணக்குதான். அதனாலதான் கலக்கின உடனே நான் ஓடறேன். அதுக்குள்ள போய் எதைப் புடிக்குதோ அதை மட்டும் சாகிற வரைக்கும் விடாது."

"ஒழுங்கா வேலை செய்யறவன் கையைப் போய் எதுக்குப் புடிக்கணும்? பாவம்."

"அவன் என்ன வேலை செய்யறான்னு தெரிஞ்சுக்கத்தான். ஆயிரம் பேர் ஓடியாடற இடத்துல ஒருத்தன் என்ன பண்றான்னு சும்மா பாத்தா தெரியாது. அவனை நிறுத்திட்டு, அப்புறம் எதெல்லாம் நின்னு போகுதுன்னு பாக்கணும்."

பாட்டிலக்கா குழாயைத் திறந்தாள். தண்ணீர் சத்தம் வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அவள் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் நின்றதும் எதெல்லாம் நின்றது? சம்பள நாளுக்கு முந்தின இரவு தலைக்கு எண்ணெய் வைப்பது நின்றது. பாட்டு முணுமுணுப்பது நின்றது. தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. மகனிடம் போனில் எதையாவது சொல்லிச் சிரிப்பது நின்று, "ம், நல்லா இருக்கேன்" மட்டும் மிச்சம் இருந்தது. மாதத்துக்கு ஒரு குவளை டீ நேரம் வந்து போன மனிதர் இத்தனை கதவுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

புதுப் பூசணம் முற்றியது. இந்த முறை மஞ்சள் தண்ணீரைப் பாட்டிலக்காவே ஒரு சொட்டுச் சிந்தாமல் கேனில் சேர்த்தாள். சில வாரங்களில் பொடி வந்தது. சுருட்டை அவளை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கருவியில் கண்ணை வைக்கச் சொன்னாள். ஒரு தட்டில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மின்னின. இன்னொரு தட்டில் இருட்டு.

"மின்னறது சர்க்கரை, அக்கா. பாக்கறதுக்காகச் சாயம் ஏத்தினது. முதல் தட்டுல உள்ள போயிருக்கு. இந்தத் தட்டுல பொடி போட்டோம். சர்க்கரை வாசல்லயே நின்னுச்சு. வெளிய நின்னதைக் கழுவி விட்டுட்டோம்."

வாசலில் நின்றதைக் கழுவிவிட்டார்கள். பாட்டிலக்கா இருட்டுத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கதவைத் திறக்கறவன் அவன் ஒருத்தன்தானா?"

"நல்ல கேள்வி. இன்னொரு வழியும் இருக்கு. நடந்தா, ஓடினா, தசை தானாவே வேற வழியில கதவைத் திறந்துக்கும். அந்த வழி வேற, இந்த வழி வேறன்னு எப்படித் தெரியும்? இந்த மாதிரி பொடி போட்டு இவன் கையைக் கட்டிட்டுப் பாத்தாங்க. கட்டியும் கதவு திறந்துச்சு. அப்ப வேற யாரோ திறக்கறாங்கன்னுதானே அர்த்தம்?"

"அதுக்குத்தான் சர்க்கரைக்காரங்களை நடக்கச் சொல்றாங்களா?"

"அதுக்கும்தான்."

படியிறங்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் பயமாக இருந்தது. குக்கர்காரரை இரண்டு பஸ் ஏற்றிக் கொண்டுவந்தது எது? கடனா, அவளா? கடன் இருக்கிறவரைக்கும் அது தெரியப்போவதில்லை. அவள்தான் நோட்டில் ஓட்டை கண்டுபிடித்துக் கண்டுபிடித்துக் கடன் தீராமல் பார்த்துக்கொண்டாளே.

அடுத்த சம்பள நாளுக்கு மறுநாள் மதியம், படிக்கட்டில் செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. பாட்டிலக்கா திரும்பவில்லை. ஒரு தடவை ஏமாந்தது போதும்.

"இந்த வாளியில டீ கீ உண்டா?"

கையிலிருந்த குடுவை தொட்டிக்குள் நழுவியது. நல்ல வேளை, உடையவில்லை.

குக்கர்காரர் இளைத்திருந்தார். சட்டை அடுத்தவர் சட்டை போலத் தொங்கியது. முகத்தில் என்னவோ குறைந்தது. என்ன என்று புரிய ஒரு நொடி பிடித்தது. கண்ணாடி இல்லை.

"ஆபரேஷன். ரெண்டு கண்ணுலயும். உள்ளயே கண்ணாடி வச்சுட்டாங்களாம். சர்க்கரையால ஆறவே இல்லை, மக வீட்டுல மாசக்கணக்கா படுக்கை." சட்டைப் பையிலிருந்து பழைய கண்ணாடியை எடுத்துக் காட்டினார். "இனிமே இது வேண்டாமாம். போட்டா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"போன் பண்ணலாம்னு நெனச்சேன். பணம் இல்லாம என்னன்னு பேசறது? நீயும் கூப்பிடலையே."

"கூப்பிட்டா பணம் கேக்கறேன்னு நெனப்பீங்களேன்னு..."

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். வெளியே கேட்டில் ஒரு ஸ்கூட்டர் ஹார்ன் கேட்டது.

"மாப்பிள்ளை" என்றார். "வெளிய நிக்கறதா சொல்லிக் கூட்டிட்டு வந்தாரு. காவல் வேலையும் போச்சு. இனிமே மக வீட்டோடதான். பாக்கி எவ்வளவுப்பா, இந்தாங்க, மொத்தமா குடுத்துட்டு வந்துடுங்க, இனிமே அங்க போய் உங்களுக்கு என்ன வேலைன்னா மக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? கேள்வி சரியாத்தானே இருக்கு."

கவரைப் பிரித்து மேசை மேல் ஒவ்வொன்றாக வைத்தார். ஓர் ஐநூறு. ஓர் ஐம்பது. இன்னோர் ஐம்பது. மகள் வங்கியில் வாங்கியிருக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் புதுசு. கடைசி ஐம்பதில் மட்டும் ஒரு மூலை இல்லை.

"இது செல்லா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள். நோட்டை எடுத்து விரலால் கிழிசலைத் தடவினாள். கிழிந்த ஓரத்தில் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை வருடம் பாட்டில் பாட்டிலாகச் சுரண்டி எடுத்த நாக்கு.

"இது எப்படிக் கிழிஞ்சுது?"

"கவர்ல வைக்கறப்போ..."

"கவர்ல வச்சா நாக்கு நீட்டுமா?"

அவர் புது இயந்திரத்தைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை. "மக நல்ல நோட்டாத்தான் குடுத்தா. படியிறங்கறப்போ கட்டைவிரல் சும்மா இருக்கல."

"முன்னாடி கொண்டாந்த கிழிசலெல்லாம்?"

"முதல் ஒன்னு நெசமாவே பஸ்ஸுல குடுத்தது. நீ செல்லாதுன்ன. அடுத்த மாசம் வாங்கன்ன." தலையைச் சொறிந்தார். "அப்புறம் கைக்குப் பழகிப்போச்சு."

"நான் ஊசிமுனை ஓட்டைன்னு சொன்னேனே..."

"புதுக் கண்ணாடி போட்ட எனக்குத் தெரியாத ஓட்டை உனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கே எனக்குச் சந்தேகம்."

பாட்டிலக்கா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். ஹார்ன் மறுபடியும் அடித்தது, இந்த முறை நீளமாக.

ஐநூற்றைம்பதை வாங்கிக்கொண்டு இந்தச் செல்லாததைத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் ஒரு மாதம் கிடைக்கும். அவர் அதற்காகத்தான் கிழித்திருக்கிறார். அதை வாங்கிக்கொள்ளக் கை துடித்தது. ஒரு மாதம். அதற்கப்புறம்? அதற்கப்புறம் இன்னொரு மூலை, இன்னொரு ஊசிமுனை ஓட்டை, வாசலிலேயே நிற்கிற சர்க்கரை.

ஐநூறையும் நல்ல ஐம்பதையும் எடுத்துக் கவருக்குள் போட்டு, அவர் பையில் திணித்தாள்.

"கொட்டிட்டேன்."

"என்னத்தை?"

"இங்க புதுச் சட்டம். வச்சுக்கிட்டா சேத்தாச்சு, வேண்டாம்னா கொட்டியாச்சு. உங்க கடனைக் கொட்டிட்டேன். தள்ளுபடி."

அவர் முகம் சுருங்கியது. "நான் என்ன இல்லாதவனா? கண்ணு போச்சு, வேலை போச்சு, வாங்கின கடனைக் கட்டக்கூட வக்கில்லாதவன்னு..."

"இருங்க. முதல்ல கேளுங்க. ஒரு கதவைத் திறக்க ரெண்டு பேர் இருந்தா, எவன் திறக்கறான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"என்ன திருட்டு வழக்கா?"

"ஒருத்தன் கையைப் புடிச்சுக்கிட்டுப் பாக்கணும். அப்பவும் கதவு திறந்தா, திறந்தது மத்தவன்."

"யாரு கையை?" என்று அவள் கையைப் பார்த்தார்.

"கடனோட கையை."

மாடியில் சுருட்டை ஓடும் சத்தம் கூரையில் தடதடவென்று போனது. பொடி கலக்கியிருப்பாள்.

"அப்ப அடுத்த மாசம்," என்றார் மெதுவாக, "மக கேட்டா நான் எதைச் சொல்லிக்கிட்டு வர்றது?"

"அதைத்தான் நானும் பாக்கணும்."

"பஸ்ஸுல தனியா விடமாட்டாங்களே."

"சர்க்கரைக்கு நடக்கச் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க. தினமும் நடக்கணுமாம்."

"நடந்தா வேற வழியா உள்ள போகுமாம். படிச்சவங்க சொல்றாங்க." அவள் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "முடிஞ்ச தூரம் நடங்க. மிச்சத்துக்கு பஸ் இருக்கு."

மூன்றாவது ஹார்ன். அவர் எழுந்தார். பெரிய குவளை கவிழ்த்தபடியே இருந்தது, இன்று டீ போடவே இல்லை. அவரும் அதைப் பார்த்தார். காலடி படியில் ஏறியது. பாதியில் நின்றது. பாட்டிலக்கா குழாயில் கை வைத்தபடி திறக்காமல் நின்றாள். மறுபடி ஏறியது, வெளிக்கதவு சாத்திக்கொண்டது, ஸ்கூட்டர் கிளம்பி, சத்தம் தேய்ந்து, பிறகு தெரு மட்டும் கேட்டது.

கோடு போட்ட டேப்பில் ஒரு துண்டு எடுத்தாள். கத்திரிக்கோலைத் தேடவில்லை. கட்டைவிரல் நகத்தை வைத்துத் திருப்பிப் பார்த்தாள். கோணலாகத்தான் கிழிந்தது, ஆனால் நாக்கு வந்தது. செல்லாத ஐம்பதைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினாள். டேப்பின் கோடுகள் இன்னும் வெளுப்பாகவே இருந்தன. இரண்டாயிரத்து முந்நூற்றைம்பதில் அவளுக்கு வரவேண்டியது இனி ஒன்றும் இல்லை. பெரிய குவளையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள்.